குமிழிகளோடு ஐந்து நிமிடம்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்ற பழக்கம் வந்த பிறகு, எங்கள் ஸ்கேன் அறைக்கு ஒரு புது ரக நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள். நன்றாகச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், எடையும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனி செலவில் வயிற்றை ஸ்கேன் செய்திருப்பார்கள். ரிப்போர்ட்டின் கடைசிக்கு முந்தைய வரியில் ‘கல்லீரலின் வலது மடலில் 2 சென்டிமீட்டர் எஸ்.ஓ.எல்., மேல்பரிசோதனை தேவை’ என்று இருக்கும். ஏதோ ஒன்று இருக்கிறது, என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதியவர் சொல்வதைத் தவிர அந்த வரியில் வேறு தகவல் கிடையாது. அதைப் படித்தவர் அன்று ராத்திரியே கூகுளில் தேடிப் பாதி செத்துப்போவார்.

நான் படித்தது மதுரையில், பிழைப்பு புனேயில். ஹிஞ்சவாடி ஐ.டி. பூங்காவிலிருந்து வரும் இளைஞர்கள், பிம்ப்ரி, போசரி தொழிற்சாலைக்காரர்கள், கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தலைமுறைகளாக இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள், கிராமத்திலிருந்து எஸ்.டி. பஸ் பிடித்து வரும் விவசாயிகள் என்று எல்லாருடைய கல்லீரலும் இந்த ஒரே கட்டிலில் படுத்து எனக்குப் பழக்கம். சாதாரண அல்ட்ராசவுண்ட் கட்டியைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதன் பெயரைச் சொல்லாது. வெள்ளையாகத் தெரிகிறது, கறுப்பாகத் தெரிகிறது, ஓரம் தெளிவாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். பெயர் தெரிய வேண்டுமானால் அதற்குள் ரத்தம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் பார்ப்பது அதைத்தான்.

கல்லீரலின் ரத்த ஓட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற உறுப்புகளுக்குப் பெரும்பாலும் தமனி வழியாக மட்டும் ரத்தம் வரும். கல்லீரலுக்கு இரண்டு வழி. ஏறக்குறைய கால் பங்கு தமனியில் வருகிறது. மீதி முக்கால் பங்கு, குடலைச் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாகக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் தமனியை நம்பி வளர்கிறவை. ஆகவே ரத்தத்தில் அடையாளப் பொருள் ஒன்றைக் கலந்துவிட்டால், முதல் அரை நிமிடத்தில் கட்டி ஒளிரும். பிறகு போர்ட்டல் ரத்தம் வந்து நல்ல கல்லீரல் பிரகாசமாகும்போது, அந்த ரத்தத்தில் பங்கில்லாத கட்டி மங்கிப்போகும். இந்த மங்கலை நாங்கள் வாஷ்அவுட் என்போம். மங்கினால் சந்தேகம், கடைசிவரை மங்காவிட்டால் அனேகமாக நிம்மதி. பாடப்புத்தகத்தில் பல பக்கம் வரும் விஷயத்தின் சாரம் இவ்வளவுதான்.

அடையாளப் பொருள் என்பது குமிழி. சோனோவியூ என்ற மருந்தை எடுத்துக்கொண்டால், சராசரியாக 2.5 மைக்ரான் விட்டமுள்ள குமிழிகள். ரத்தச் சிவப்பணுவின் பாதி அளவுகூட இல்லை. மேலே கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய உறை, உள்ளே சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு. மின்வாரியத் துணைமின் நிலையங்களில் சர்க்யூட் பிரேக்கருக்குள் அடைத்து வைப்பார்களே, அதே வாயு. இதை ஒரு நோயாளியிடம் சொல்லப்போய், மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற இன்ஜினியரான அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை செலுத்தும் 2.4 மில்லி மருந்தில் இந்த வாயு 0.02 மில்லிக்கும் குறைவு, ரத்தத்தில் சுலபமாகக் கரையாது என்பதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள், கால் மணி நேரத்தில் மூச்சோடு வெளியே போய்விடும் என்று விளக்கிய பிறகே படுத்தார்.

குமிழியைப் படம் பிடிக்கலாம் என்ற யோசனை 1968இல் பிறந்தது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீன் ஷா என்ற இருவர், இதயத்தை ஒட்டிய பெருந்தமனிக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தியபோது, ஸ்கேனில் மேகம்போல எதிரொலி எழுவதைப் பார்த்து எழுதினார்கள். அந்தக் காலக் குமிழிகள் நுரையீரலைத் தாண்டிப் போகாமல் உடைந்துவிடும். கை நரம்பில் போட்டால் கல்லீரல்வரை உயிரோடு போய்ச் சேரும் குமிழி செய்வதற்கு ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. சோனோவியூவுக்கு ஐரோப்பா 2001இல் அனுமதி கொடுத்தது. கல்லீரல் கட்டிகளைப் பார்க்க அமெரிக்கா 2016இல்தான் ஒப்புக்கொண்டது, குழந்தைகளுக்கும் சேர்த்து. அந்தப் பதினைந்து வருட இடைவெளியில் ஜெர்மனியும் இத்தாலியும் சீனாவும் இதில் ஊறிப்போயின. ஜெர்மனியில் 14 மருத்துவமனைகள் சேர்ந்து 1349 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. சாதாரண ஸ்கேனில் பெயர் தெரியாமல் நின்ற கட்டிகளில் 90.3 சதவீதத்துக்கு இந்த முறை சரியான பதில் சொன்னது. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் 2012இல் இதைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில் மட்டும் இன்றைக்கும் பல டாக்டர்கள் ‘அப்படி ஒன்று இருக்கிறதா?’ என்றுதான் கேட்கிறார்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இடது முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் போடுவோம். ஊசி மெல்லியதாக இருந்தால் குமிழி வழியிலேயே உடையும் என்பதால் 20 கேஜ்தான் எனக்குப் பிடிக்கும். நரம்பே கிடைக்காதவருக்கு 22வரை இறங்கலாம். குப்பியில் இருக்கும் வெள்ளைப் பொடிமேல் 5 மில்லி சலைனை விட்டு, சிஸ்டர் 20 விநாடி பலமாகக் குலுக்குவார். பால் வெள்ளையாகத் திரவம் வரும். வைத்தால் குமிழிகள் மேலே ஒதுங்கிவிடும், ஏற்றுவதற்கு முன் திரும்பவும் புரட்ட வேண்டும். நான் இதற்குள் கட்டியை ஒரே கோணத்தில் பிடித்து, நோயாளிக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துவிடுவேன். ‘ஷ்வாஸ் கியா, தரா, சோடா’ என்று மராத்தியிலும், ‘மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க’ என்று தமிழிலும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லி நாக்கு பழகிவிட்டது. பிறகு மெஷினின் ஒலி அழுத்தத்தை வெகுவாகக் குறைப்போம். அதிகமாக வைத்தால் எங்கள் அலையே குமிழியை உடைத்துவிடும். திரை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் வழக்கமான மங்கலான படம், வலப்பக்கம் சுத்த இருட்டு. அந்த இருட்டில் குமிழி மட்டும்தான் தெரிய வேண்டும். 2.4 மில்லி மருந்து, அதன் பின்னால் 10 மில்லி சலைன். சலைன் ஏறத் தொடங்கும் கணத்தில் ஸ்டாப்வாட்சைத் தட்டுவோம்.

அதற்குப் பிறகு கை அசையக் கூடாது. பத்துப் பதினைந்தாவது விநாடியில் முதல் புள்ளி தெரியும். முதல் நிமிடம் முழுக்கக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், பதிவும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தமனி வேளை அரை நிமிடம்கூட நீடிக்காது, தவறவிட்டால் திரும்ப மருந்து போட வேண்டும். ஒரு நிமிடம் கடந்த பின் அரை நிமிடத்துக்கு ஒரு முறை ப்ரோபை வைத்து எட்டிப் பார்த்தால் போதும். தொடர்ந்து வைத்திருந்தால் நாமே குமிழிகளைத் தீர்த்துவிட்டு, வாஷ்அவுட் என்று எழுதிவிடுவோம். இப்படி ஐந்து நிமிடம்.

கட்கியில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மனைவி ஒருவர் வந்தார். சில வருடங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து நன்றாக இருந்தவர். வழக்கமான ஸ்கேனில் கல்லீரலில் ஒரு வெள்ளைப் புள்ளி. மருமகள் அறைக்கு வெளியே என்னை நிறுத்தி, ‘டாக்டர், எது இருந்தாலும் அத்தைகிட்ட சொல்லிடாதீங்க’ என்றாள். உள்ளே அந்த அம்மா படுத்துக்கொண்டே கேட்டார்: ‘தம்பி, திரும்ப வந்துருச்சா?’

‘இன்னும் பாக்கலம்மா. அஞ்சு நிமிஷம் குடுங்க.’

குமிழி வந்ததும் புள்ளியின் ஓரத்தில் மட்டும் மூன்று நான்கு இடங்களில் வெளிச்சம் முட்டியது. நடுவில் கறுப்பு. ஓரத்தில் வளையம் முழுதாகச் சேர்ந்திருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று பெரும்பாலும் அப்படி வளையம் கட்டி, ஒரு நிமிடத்துக்குள் கரிப்புள்ளியாகிவிடும். இங்கே வளையம் இல்லை, தனித்தனித் திட்டுகள். மழை நாளில் முற்றத்துக் குட்டைகள் ஒன்றோடொன்று சேர்வதுபோல அவை மெல்ல உள்நோக்கி வளர்ந்தன. ஒரு நிமிடத்தில் பாதி நிரம்பியது. மூன்றாவது நிமிடத்தில் முக்கால். ஐந்தாவது நிமிடத்திலும் மங்கவில்லை. ஹீமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்கள் சுருண்ட முடிச்சு. எவ்வளவோ பேருக்குப் பிறவியிலிருந்தே இருப்பது, ஒரு தொந்தரவும் செய்யாதது.

சி.டி. என்றால் பதில் மறுநாள் கவரில் போகும். இந்தப் பரிசோதனையில் நோயாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அதனால் ஸ்டாப்வாட்ச் ஓடும்வரை முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று பழக்கிக்கொண்டேன். முடிந்ததும் அந்த அம்மாவிடம் நேரடியாகவே சொன்னேன். ‘பழைய வியாதி இல்லம்மா. இது வெறும் ரத்தக்குழாய் முடிச்சு, இருந்துட்டுப் போகட்டும்.’

‘அப்ப ஊசி குத்தி எடுக்க வேணாமா?’

‘வேணாம்.’

‘இத நேத்தே பாத்திருந்தா ராத்திரி தூங்கியிருப்பேன்ல’ என்றார். நியாயமான கேள்வி. முதல் ஸ்கேன் எடுத்த இடத்திலேயே, அதே கட்டிலில், அதே நாளில் முடித்திருக்கலாம்.

ஏன் முடிப்பதில்லை? மருந்து விலை ஒரு காரணம். ஒரு குப்பிக்கே சில ஆயிரங்கள் ஆகிறது, சின்ன ஊர்களில் வாங்கி வைப்பதும் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் பெரிய காரணம் நேரம். அந்த நேரக்குறைவுக்கு ஒரு சட்டமும் காரணம். எங்கள் அறைச் சுவரில் மராத்தியில் ஒரு பலகை இருக்கிறது, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்று. இதற்காக 1988இலேயே சட்டம் போட்ட முதல் மாநிலம் மகாராஷ்டிரம். மத்திய சட்டம் 1994இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினுக்கும் பதிவு உண்டு, ப்ரோபைப் பிடிப்பவர் தகுதி பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். வெளிநாடுகளில் பல இடங்களில் டெக்னீஷியன் ஸ்கேன் எடுத்து வைப்பார், டாக்டர் பிறகு படத்தைப் படிப்பார். நம் ஊரில் அது கிடையாது. இதில் ஒரு லாபம் இருக்கிறது: குமிழியைப் பார்ப்பவரே முடிவும் சொல்கிறார், நடுவில் எதுவும் தொலைவதில்லை. நஷ்டமும் இருக்கிறது. தயாரிப்பு, விளக்கம், கையெழுத்து, ஊசி, பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பது என்று ஒரு கான்ட்ராஸ்ட் ஸ்கேனுக்குள் நான்கு சாதாரண ஸ்கேன் முடித்துவிடலாம். வெளியே வராந்தாவில் முப்பது பேர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் ஆயா மாவ்ஷி வந்து வந்து கதவைத் தட்டுவார். ‘சி.டி. எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி எழுதுவது சுலபம். எழுதுகிறவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்த வராந்தா எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியின் செலவு முழுக்க நோயாளியின் தலையில் விழுகிறது.

எல்லாருக்கும் சி.டி. கொடுத்துவிடவும் முடியாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கிரியேட்டினின் ஏறியவர்களுக்கும் அயோடின் கான்ட்ராஸ்ட் போட யோசிப்போம், எம்.ஆர்.ஐ.யின் கடோலினியத்துக்கும் இரண்டு தடவை யோசிப்போம். குமிழிக்குச் சிறுநீரகத்தில் வேலையே இல்லை. கதிர்வீச்சும் இல்லை. ஆபத்தே கிடையாது என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2007இல் இந்த வகை மருந்துகள்மேல் கடுமையான எச்சரிக்கை ஒட்டினார்கள், அடுத்த வருடமே தளர்த்தினார்கள். இத்தாலியில் 23,188 வயிற்றுப் பரிசோதனைகளைத் திரும்பிப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், கடுமையான பின்விளைவு வந்தது இரண்டு பேருக்கு. உயிரிழப்பு இல்லை. அந்த இரண்டில் ஒன்று நம் அறையில் நடக்காது என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்? அட்ரினலின் வைத்த டிரே கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் நான் குப்பியைத் திறப்பதில்லை.

சந்தேகம் எழுப்புகிற கட்டி எல்லாம் கட்டியே அல்ல என்பதும் இந்தத் தொழிலில் அடிக்கடி பார்ப்பது. ஹிஞ்சவாடிப் பையன்களில் பலருக்கு ஃபேட்டி லிவர். கல்லீரல் முழுக்கக் கொழுப்பு ஏறியிருக்க, பித்தப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் கொழுப்பில்லாமல் தப்பித்திருக்கும். வெள்ளைச் சூழலில் அது கறுப்பு முடிச்சுபோலத் தெரிந்து பீதியைக் கிளப்பும். குமிழி போட்டால் ஆரம்பம் முதல் கடைசிவரை சுற்றியிருக்கும் கல்லீரலோடு ஒரே சீராக ஒளிரும், முடிச்சே காணாமல் போகும். அந்தப் பையனுக்குத் தேவை நடைப்பயிற்சி. சீமைச் சாராயமோ நாட்டுச் சாராயமோ குடித்து, காய்ச்சலோடு வருகிறவரின் கல்லீரலில் இருக்கும் அமீபா சீழ்க்கட்டி வேறு மாதிரி. சாதாரண ஸ்கேனில் கெட்டியான கட்டிபோலவே ஏமாற்றும். குமிழி ஓரத்தோடு நின்றுவிடும், உள்ளே ஒன்றுகூட நுழையாது. எந்தப் பகுதி சீழாகிவிட்டது, எங்கே குழாய் வைத்து வடிக்கலாம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

சிக்கலான இடம் சிரோசிஸ். சுருங்கிப்போன கல்லீரலில் முண்டும் முடிச்சுமாக இருக்கும், அதில் எது ஹெப்பட்டோமா, அதாவது கல்லீரல் செல்களில் தோன்றும் புற்று, என்று சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த இடத்தில்தான் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் ஒரு முறை பெயரைக் கெடுத்துக்கொண்டது. பித்தநாளப் புற்றும் தமனி வேளையில் ஒளிர்ந்து பிறகு மங்குவதால் அதை ஹெப்பட்டோமா என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி, அமெரிக்கக் கல்லீரல் நிபுணர்கள் 2010 வாக்கில் இதைத் தங்கள் வழிமுறையிலிருந்து நீக்கினார்கள். பிறகு பழைய பதிவுகளை விநாடி விநாடியாக அலசியபோது வித்தியாசம் கடிகாரத்தில் இருப்பது தெரிந்தது. ஹெப்பட்டோமா தாமதமாக, லேசாக மங்குகிறது. பித்தநாளப் புற்றும் பரவிய புற்றும் சீக்கிரமே, அழுத்தமாக மங்குகின்றன. கோடு 60வது விநாடியில். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017இல் வெளியிட்ட லை-ராட்ஸ் விதிகள் இந்தக் கோட்டின்மேல்தான் நிற்கின்றன. ஆனால் இந்த விதி சிரோசிஸ், நாள்பட்ட ஹெப்பட்டைட்டிஸ் பி போன்ற ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும். ஹெல்த் செக்கப் பையனுக்கு இதைப் போட்டுப் பார்க்கக் கூடாது.

பழைய எஸ்.டி. பஸ் டிரைவர் ஒருவரின் சிரோசிஸ் கல்லீரலில் ஒன்றரை சென்டிமீட்டர் முடிச்சு. 20வது விநாடியில் முழுதாக ஒளிர்ந்தது. ஒரு நிமிடத்தில் சுற்றுப்புறத்தோடு சமம். இரண்டிலும் சமம், மூன்றிலும் சமம். ‘சார், அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடட்டுமா?’ என்று ரெசிடென்ட் எழுந்துவிட்டார். நான்காவது நிமிடத்துக்குப் பிறகு வைத்துப் பார்த்தபோது, முடிச்சு இருந்த இடம் ஒரு சாயல் மங்கியிருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நாலரையில் சந்தேகமில்லை, ஹெப்பட்டோமாதான். இரண்டு நிமிடத்தில் முடித்திருந்தால், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருப்போம். எம்.ஆர்.ஐ.யும் அதையே சொல்லி, சின்னதாக இருக்கும்போதே மைக்ரோவேவ் ஊசியால் பொசுக்க முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் துறையில் ஐந்து நிமிடத்துக்கு முன் எழுந்திருப்பவருக்கு நான் ப்ரோப் கொடுப்பதில்லை.

இந்தப் பரிசோதனையால் முடியாததையும் சொல்ல வேண்டும். ஒரு ஊசிக்கு ஒரு கட்டியைத்தான் தமனி வேளையில் முழுதாகப் பார்க்கலாம். ஐந்தாறு கட்டி இருந்தால் சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோதான் சரி. தொப்பையும் கொழுப்பும் அதிகமானால் ஆழத்தில் ஒலி போய்ச் சேராது. நுரையீரலுக்கு அடியில் குவிமாடத்தில் ஒளிந்திருக்கும் கட்டி ப்ரோபுக்குச் சிக்காது. புற்று என்று முடிவானால் அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க எப்படியும் சி.டி. வேண்டும். சர்ஜன்கள் சி.டி.யை விரும்புவதிலும் அர்த்தம் இருக்கிறது: அதை அவர்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம். என் குமிழிப் படத்துக்கு நான் பக்கத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது. அதனால் முழு ஐந்து நிமிடத்தையும் வீடியோவாகச் சேமித்து, ரிப்போர்ட்டோடு கொடுத்துவிடுகிறேன். ஸ்டில் படம் இரண்டை ஒட்டிக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு என்னிடம் மரியாதை இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் கல்லீரலில் ஏதோ இருக்கிறது என்ற வரி வந்தால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதைக் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியுமா? பார்க்கிறவர் ஐந்து நிமிடமும் பதிவு செய்வாரா? போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் படங்களையும் எடுத்துப் போங்கள், எவ்வளவு பழையதானாலும் சரி. ஏழு வருடத்துக்கு முன்னும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது என்று காட்டும் ஒரு பழைய காகிதம் இருந்தால், சில சமயம் குப்பியைத் திறக்கவே வேண்டியிருக்காது.